வேதியியல் படித்த பெண்ணுக்குக் கலைக்கூடத்தில் என்ன வேலை?

ஐயா, வணக்கம்.

பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் படிக்கும் உங்கள் மகள், அருங்காட்சியகத்திலோ அரசுக் கலைக்கூடத்திலோதான் வேலை பார்ப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். படம் வரையத் தெரியாத பெண்ணுக்கு அங்கே என்ன வேலை, அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா, இத்தனை வருடம் படித்த வேதியியல் வீணாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

வீணாகாது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இலேயே வேதியியல் ஆய்வகம் தொடங்கிவிட்டார்கள். அங்கே இருக்கும் வெண்கலச் சிலைகளை நினைத்துப் பாருங்கள். பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்த செம்புக் கலவையில் குளோரைடு உப்பு ஊறியிருக்கும். வெளியே எடுத்தபின் காற்றிலுள்ள ஈரம் பட்டால் அது மறுபடியும் உலோகத்தை அரிக்கத் தொடங்கும். வெளிர்பச்சைப் பொடியாக உதிரும். இதற்கு 'வெண்கல நோய்' என்றே பெயர். கடற்காற்று வீசும் சென்னையில் இது சின்ன விஷயம் இல்லை. அந்த ஆய்வகத்தில் பணியாற்றிய எஸ். பரமசிவன், மின்சாரம் செலுத்தி அரிப்பை நீக்கும் மின்பகுப்பு முறையில் சிலைகளுக்குச் சிகிச்சை செய்தார். தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களின் சுண்ணப்பூச்சையும் நிறங்களையும் சோதித்து, ஓவியம் எந்த முறையில் தீட்டப்பட்டது என்று 1930களில் அமெரிக்க ஆய்விதழில் எழுதினார். அவருக்கும் கையிலிருந்த கருவி வேதியியல்தான். உங்கள் மகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லுங்கள்; அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் நம்பி அனுப்பலாம் என்று அர்த்தம்.

கலைக்கூடம் என்றதும் சுவரில் மாட்டிய படங்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலரும்தான் நம் கண்ணில் படுகிறார்கள். அதற்குப் பின்னால் நடக்கும் வேலை நமக்குத் தெரிவதில்லை. ஒரு பொருள் உள்ளே வந்ததும் பதிவேட்டில் எண் கொடுக்க வேண்டும், அளக்க வேண்டும், எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத வேண்டும். இதைச் சரியாகச் செய்தால்தான் நாளைக்கு ஒரு சிலை காணாமல் போனாலும் 'இது எங்களுடையது' என்று நிரூபிக்க முடியும். அப்புறம் அந்தப் பொருளைப் பற்றி ஆராய்ச்சி, அதைத் தொடர்ந்து வெளியீடு. என்னைப் பொறுத்தவரை ஒரு பொதுக் கலைக்கூடத்தின் உயிரே இந்த ஆராய்ச்சியிலும் வெளியீட்டிலும்தான் இருக்கிறது. ஏனென்றால் காட்சிக்கூடத்துக்கு வர முடியாதவர்களுக்கும், இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்கும் போய்ச் சேர்வது அச்சில் வந்தது மட்டுமே.

எழும்பூரையே பாருங்கள். 1851இல் தொடங்கிய அந்த நிறுவனம் தன் சேகரிப்புகளைப் பற்றி வெளியிட்ட நூல்வரிசை இன்றும் ஆய்வாளர்கள் மேசையில் இருக்கிறது. எஃப்.எச். கிரேவ்லியும் டி.என். ராமச்சந்திரனும் சேர்ந்து தென்னிந்திய உலோகத் திருமேனிகளுக்குத் தயாரித்த விளக்கப் பட்டியல் 1932இல் வந்தது. இதில் கிரேவ்லி விலங்கியல் படித்தவர் என்பதைக் கவனியுங்கள். சி. சிவராமமூர்த்தி அங்கே காப்பாட்சியராக, அதாவது சேகரிப்புக்குப் பொறுப்பான அதிகாரியாக, இருந்தபோது ஆந்திராவின் அமராவதிப் பௌத்தச் சிற்பங்களைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1942இல் வெளியானது. அப்போது அவருக்கு 33 வயது. பிற்காலத்தில் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஆனார், பத்மபூஷண் பெற்றார். இந்தத் துறையில் ஒருவரை மேலே கொண்டுபோவது பெரும்பாலும் அவர் எழுதியதுதான்.

திருவாலங்காட்டு நடராசர் இன்னொரு உதாரணம். அந்தச் சிலை எழும்பூரில்தான் இருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் சென்னைக்கு வந்ததே இல்லை. புகைப்படங்களைப் பார்த்தே அதைப் பற்றி உருகி எழுதினார். 1921இல் பாரிசில் அது அச்சானது. நல்ல புகைப்படமும் சரியான குறிப்பும் ஒரு சிலையை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று யோசியுங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். உங்களுக்கும் மகளுக்கும் நடக்கும் வாக்குவாதத்தில் நான் பாதி உங்கள் பக்கம். எம்.எஸ்சி. வேதியியலை அவள் முடிக்கட்டும். அருங்காட்சியகத் துறையில் காப்பாட்சியர் பணியிடங்களுக்குப் பாடவாரியாக முதுகலைப் பட்டம் கேட்பதுதான் வழக்கம்: தொல்லியல், மானிடவியல், விலங்கியல், வேதியியல் பாதுகாப்பு (கலைப்பொருள்களை வேதியியல் முறையில் காப்பது) என்று. மறுபாதி அவள் பக்கம்: அந்த இரண்டு வருடமும் துறையை விட்டு விலகி நிற்கக் கூடாது. எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்கே பழைய நிறமிகளையோ உலோக அரிப்பையோ ஓலைச்சுவடிப் பாதுகாப்பையோ எடுக்கட்டும்.

அதற்குப் பிறகு சிறப்புப் படிப்பு. முன்பு தேசிய அருங்காட்சியக நிறுவனம் என்று இருந்து இப்போது நொய்டாவில் இந்தியப் பாரம்பரிய நிறுவனமாகச் செயல்படும் இடத்தில் கலை வரலாறு, பாதுகாப்பியல், அருங்காட்சியகவியல் மூன்றிலும் முதுகலை உண்டு. பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் 1952இலிருந்தே அருங்காட்சியகவியல் சொல்லித்தருகிறது. கலைப்பொருள் பாதுகாப்புக்கென்றே லக்னோவில் மத்திய அரசின் ஆய்வகம் இருக்கிறது. அங்கே பயிற்சிகளும் நடத்துகிறார்கள். வெளியூர் அனுப்பத் தயக்கமாக இருந்தால், தமிழ்நாடு தொல்லியல் துறை கல்வெட்டியலிலும் தொல்லியலிலும் நடத்தும் இரண்டு வருடப் பட்டயப் படிப்பு சென்னையிலேயே கிடைக்கிறது. பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்த வேதியியலாளர் அபூர்வம். அப்படி ஒருவர் எந்தக் கூடத்துக்கும் தேவைப்படுவார்.

வேலைக்குச் சேர்ந்தபிறகும் படிப்பு நிற்காது. அருங்காட்சியகப் பணியாளர்களுக்கென்றே பாதுகாப்புப் பயிற்சிகள், பட்டறைகள் உண்டு. இங்கிலாந்தில் படிக்கவும் பயிற்சி பெறவும் சார்லஸ் வாலஸ் இந்திய அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது. பாதுகாப்பியலும் அதில் அடக்கம். லண்டன் நேஷனல் கேலரி என்ற ஓவியக் கூடம் 1977இல் தொடங்கிய தொழில்நுட்ப ஆய்விதழ் ஒன்று உண்டு. ஓவிய வல்லுநர், பழுதுபார்ப்பவர், விஞ்ஞானி மூவரும் சேர்ந்து ஒரே படத்தைப் பற்றி எழுதுவார்கள். அதன் பழைய இதழ்கள் இணையத்தில் இருக்கின்றன. மகள் அதைப் படித்துப் பார்க்கட்டும். பத்துப் பக்கம் படித்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் இது வெறும் ஆசை இல்லை.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. அரசுப் பணியிடங்கள் குறைவு. டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வர வருடக்கணக்கில் காத்திருக்க நேரலாம். வந்தாலும் இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதுவரை ஒப்பந்த வேலை, ஆவணப்படுத்தும் திட்டம், தனியார் அருங்காட்சியகம், நூலகச் சுவடிப் பாதுகாப்பு என்று சிறுசிறு வேலைகளில் நாட்கள் போகும். மென்பொருள் நிறுவனச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் மனம் கசக்கும். வீட்டில் கடன் இருந்தால், அவள் சம்பாதித்தே ஆகவேண்டிய நிலை இருந்தால், அதை அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எம்.எஸ்சி. கையில் இருந்தால் கல்லூரி, மருந்து நிறுவன ஆய்வகம் என்று வேறு கதவுகளும் திறந்திருக்கும். நான் அதை முடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த விடுமுறையில் அவளை எழும்பூருக்கு அனுப்புங்கள். வெண்கலக் கூடத்தில் ஒரே ஒரு சிலையைத் தேர்ந்தெடுத்து, சுமார் 300 சொற்களில் விளக்கக் குறிப்பு எழுதட்டும். கையில் என்ன இருக்கிறது, எந்தக் கால் மடங்கியிருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே பச்சை படிந்திருக்கிறது என்று கண்ணால் கண்டதை மட்டும். 'அழகான', 'தெய்வீகமான' போன்ற சொற்கள் வேண்டாம். அப்புறம் நூலகத்தில் பழைய விளக்கப் பட்டியலை எடுத்து அதே சிலைக்கு அங்கே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்பிடட்டும். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என இரண்டு குறிப்புகள். இரண்டையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். படித்துவிட்டு, எந்தப் படிப்புக்கு முதலில் விண்ணப்பிக்கலாம் என்று அவளிடமே பேசுகிறேன். நீங்களும் கூட உட்காருங்கள்.