ராக்லன் பிரபுவும் அவர் இழந்த கையும்

கேள்வி: தையற்கடையில், 'ராக்லன் கை வைத்துத் தைக்கட்டுமா?' என்று கேட்கிறார்கள். ராக்லன் என்பவர் விக்டோரியா மகாராணி காலத்துப் படைத்தலைவர் என்று அறிகிறேன். அவருடைய வாழ்க்கையையும் குடும்பத்தையும் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: தோள்மூட்டில் தையல் இல்லாமல், கழுத்திலிருந்து அக்குள் வரை தையல் சாய்வாக இறங்கும் சட்டைக்கைக்கு அந்தப் பெயர். பெயருக்கு உரியவரோ இருபத்தாறு வயதில் வலக்கையை இழந்தவர்.

ஃபிட்ஸ்ராய் சாமர்செட் என்பது அவருடைய இயற்பெயர். 1788இல் பியூஃபோர்ட் கோமகனின் கடைசி மகனாகப் பிறந்தார். 1748இல் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாமல் திரும்பிய கடற்படைத் தலைவர் பாஸ்கவன் அவருடைய தாய்வழிப் பாட்டனார். பிரபுக் குடும்பங்களில் பட்டமும் நிலமும் மூத்த மகனுக்கே போய்விடும் என்பதால், இளையவர்கள் படையையோ தேவாலயத்தையோ நாடுவது வழக்கம். இவர் 1804இல், பதினைந்து வயதில், குதிரைப்படையில் சேர்ந்தார். அதிகாரிப் பதவிகளை விலை கொடுத்து வாங்கும் முறை பிரித்தானியப் படையில் 1871 வரை இருந்தது. ஆகவே படையில் உயர்வதற்குத் திறமையைக் காட்டிலும் பணமும் உறவும் உதவின. இவருக்கு வாய்த்த உறவு சாதாரணமானதன்று. 1808 முதல் பிரித்தானியப் படைத்தலைவர் வெல்லிங்டனிடம் உதவியாளராக இருந்து, 1814இல் அவருடைய அண்ணன் மகள் எமிலியையே மணந்துகொண்டார்.

மறு ஆண்டு ஜூன் 18 அன்று, நெப்போலியனுக்கு எதிரான வாட்டர்லூ போர்க்களத்தில் குண்டு பட்டு அவருடைய வலது முழங்கை நொறுங்கியது. மயக்க மருந்து இல்லாத காலம் அது. மருத்துவர் கையை அறுத்தபோது அவர் வாய் திறக்கவில்லை. அதே அறையில் காயத்துடன் படுத்திருந்த, நெதர்லாந்தின் பட்டத்து இளவரசரான ஆரஞ்சு இளவரசருக்கு அங்கே அறுவை நடப்பதே தெரியவில்லை. அறுத்த கையை எடுத்துச் சென்றபோதுதான் சாமர்செட் குரல் கொடுத்தார்: அந்தக் கையைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அதன் விரலில் என் மனைவி கொடுத்த மோதிரம் இருக்கிறது என்று. இந்த மனிதரை என்னால் வெறுக்க முடியாமல் போவது இந்த இடத்தில்தான்.

பிறகு இடக்கையால் எழுதப் பழகி, 1827 முதல் இருபத்தைந்து ஆண்டுகள் லண்டனில் படைத் தலைமையகத்தின் செயலாளராக இருந்தார். 1845 டிசம்பரில் பஞ்சாபில் ஃபெரோஸ்ஷா போரில் பட்ட காயத்தால் மூத்த மகன் ஆர்தர் இறந்தார். 1852இல் ராக்லன் பிரபு என்ற பட்டம் கிடைத்தது.

1854இல், அறுபத்தைந்தாம் வயதில், ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போருக்குச் செல்லும் பிரித்தானியப் படைக்கு அவரைத் தலைவராக்கினார்கள். அதுவரை எந்தச் சேனைக்கும் அவர் தலைமை தாங்கிப் போரிட்டதில்லை. பிழை அங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் உறுதியான கருத்து. அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில், குன்றின் மேல் நின்ற அவர், எதிரிகள் பீரங்கிகளை இழுத்துச் செல்வதைத் தடுக்குமாறு குதிரைப்படைக்கு ஆணை அனுப்பினார். மேலிருந்த அவருக்குத் தெரிந்த பீரங்கிகள், பள்ளத்தாக்கில் இருந்த லூக்கன் பிரபுவின் கண்ணில் படவில்லை. எந்தப் பீரங்கிகள் என்று ஆணையில் ஒரு சொல் கூடுதலாக இருந்திருந்தால் போதும். லூக்கனும் அவருக்குக் கீழிருந்த கார்டிகன் பிரபுவும் மைத்துனர்கள். ஒருவரையொருவர் கண்டாலே ஆகாது. கலந்து பேச மனமில்லாத அந்த இருவர் வழியாக, சுமார் 670 குதிரைவீரர்கள் ரஷ்யப் பீரங்கிகளின் வாய்க்கு நேராகவே போய்ச் சேர்ந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். குளிர்காலத்தில் உடையும் உணவும் இன்றி, நோயில் மாண்டவர்கள் இன்னும் பன்மடங்கு.

1855 ஜூன் 18, வாட்டர்லூவின் நாற்பதாம் ஆண்டு நாள். அன்று கிரிமியாவில் ரஷ்யர் வசமிருந்த செவஸ்தபோல் கோட்டை மீது தொடுத்த தாக்குதல் பெருந்தோல்வியில் முடிந்தது. பத்தாம் நாள் அவர் பாசறையிலேயே நோயால் இறந்தார். பிறந்த ஊரான பேட்மின்டனில் அடக்கம் செய்தார்கள்.

கேள்வி: அவருக்குப் பின் குடும்பம் என்ன ஆயிற்று?

பதில்: பட்டம் இரண்டாம் மகன் ரிச்சர்டுக்கு வந்தது. கடைசி மகனாகப் பிறந்தவர் என்பதால் ராக்லன் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லப் பரம்பரை நிலம் ஏதும் அவரிடம் இல்லை. நாடாளுமன்றம் எமிலிக்கும் மகனுக்கும் ஓய்வூதியம் வழங்கியது. நண்பர்களும் உடன் போரிட்டவர்களும் பணம் திரட்டி, வேல்ஸில் உள்ள கெவ்ன்டில்லா மாளிகையை நிலத்துடன் வாங்கி ரிச்சர்டுக்குக் கொடுத்தார்கள். எமிலி 1881 வரை வாழ்ந்தார்.