சுவருக்குப் போட்ட விளக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கே.கே.நகரில் நம்மூர் வடிவமைப்பாளர் ஒருவர் கட்டிய வீட்டைப் பார்த்தேன். பூசாத செங்கல் சுவர், மேற்கே சுடுமண் ஜாலி (துவாரம் விட்டுக் கட்டிய தடுப்பு). ராத்திரியில் ஒரு பல்பும் கண்ணில் படவில்லை, ஆனால் வீடு முழுக்க இதமான வெளிச்சம். அசந்துபோய் எங்கள் ஹாலிலும் (14க்கு 12 அடி) ஃபால்ஸ் சீலிங் அடித்து, 12 வாட் டவுன்லைட் (சீலிங்கில் பதித்துக் கீழே அடிக்கும் விளக்கு) பன்னிரண்டு மாட்டினோம். கண் கூசுகிறது. ஃபேன் போட்டால் வெளிச்சம் துடிக்கிறது. எங்கே தப்பு?

எஸ்., திருநகர், மதுரை

அன்புள்ள எஸ்.,

அந்த வீட்டில் வெளிச்சம் விழுவது சுவரில். உங்கள் வீட்டில் விழுவது தரையில். தரை பளபளக்கும் டைல்ஸ் என்றால் ஒவ்வொரு விளக்கும் இரண்டாகத் தெரியும், கூசாமல் என்ன செய்யும்?

அளவும் அதிகம். 144 வாட் எல்.இ.டி. சுமார் 13,000 லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு) தரும். இழப்பைக் கழித்தாலும் ஆபீஸ் மேசைக்கு வேண்டிய 500 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்) பக்கம் வந்துவிடும். டிவி பார்க்கிற, பேசி உட்காருகிற ஹாலுக்கு 150 லக்ஸ் தாராளம்.

துடிப்புக்குக் காரணம் இறக்கை. 1200 மி.மீ. ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து 2 அடி ஓடும். சாதாரண டவுன்லைட் 100 டிகிரிக்கு மேல் விரிவதால், 3 அடி தள்ளியிருந்தாலும் அதன் ஒளியை இறக்கை வெட்டும். ஃபேனைச் சுற்றியுள்ள நான்கையும் அணைத்துப் பாருங்கள். சுவரோரம் இருப்பவற்றுக்கு, பல்பு உள்ளே தள்ளி உட்கார்ந்த 36 டிகிரி விளக்கு போதும்.

இனி சுவர். செங்கல் சுவரிலிருந்து 6 முதல் 9 அங்குலத்தில், குறுகலான 24 டிகிரி விளக்கை மேலிருந்து அடித்தால் ஒவ்வொரு வரிசையும் நிழலோடு எழுந்து நிற்கும். நீங்கள் மயங்கியது இதில்தான். பட்டி பார்த்த சுவரில் இதையே செய்துவிடாதீர்கள். மட்டக்கட்டை சறுக்கிய இடமெல்லாம் அலை அலையாகத் தெரியும், கொத்தனார் மேல் கோபம் வரும். 10 அடி உயர அறையில் இரண்டரை முதல் 3 அடி தள்ளி, அகல விரியும் விளக்கு வையுங்கள். வெள்ளைச் சுவர் விழும் ஒளியில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பித் தரும், செங்கல் கால்வாசிதான் தரும். அதனால் வெள்ளைச் சுவர் என்றால் உங்களுக்கு அந்தச் செங்கல் வீட்டைவிடக் குறைந்த வாட்டே போதும். 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலிலும் முற்றத்து வெயில் தரையில் பட்டு மேலேறித்தான் வளைவுகளின் அடிப்பக்கத்தைக் காட்டுகிறது.

ஒளியின் நிறம் 3000 கெல்வின் (மஞ்சள் கலந்த வெள்ளை), சி.ஆர்.ஐ. (பொருளின் நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு, 100-க்கு) 90. நீலம் கலந்த வெள்ளையான 6500-இல் செங்கல் செத்துப்போகும். இரண்டையும் ஒரே அறையில் கலக்கவே கூடாது.

ஓர ஸ்ட்ரிப் லைட் போடும் ஆசை இருந்தால், கூரைக்கும் ஸ்ட்ரிப்புக்கும் 6 அங்குலமாவது இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் ஒற்றைக் கோடாக எரியும். மீட்டருக்கு 10 வாட், 5 மீட்டர் என்றால் 50 வாட். டிரைவர் (ஸ்ட்ரிப்புக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டி) 75 வாட்டில் வாங்குங்கள். பெரும்பாலும் முதலில் சாவது அதுதான், சித்திரை வெயிலில் சீலிங்குக்குள் வேகும். எட்டும் இடத்தில் ஒரு மூடி வைக்காவிட்டால் ஒரு டிரைவருக்காக ஜிப்சம் சீலிங்கை உடைக்க வேண்டும்.

ஜாலியைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், அதன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். துவாரம் 3 அங்குல உயரம், 6 அங்குல ஆழம் இருந்தால், சூரியன் தொடுவானத்திலிருந்து 27 டிகிரி உயரத்துக்குக் கீழே இறங்கும்வரை மேற்கு வெயில் நேராக நுழையாது. நம்மூரில் அது சாயங்காலம் நாலரை மணி வாக்கில். ஆழமும் 3 அங்குலமே என்றால் மூன்றரைக்கே ஹாலுக்குள் வெயில். உள்பக்கம் கொசுவலையைக் கழற்றிக் கழுவும்படி ஃபிரேமில் போட வேண்டும், வெளிப்பக்கம் சாரல் வடிய அடிக்கட்டை சரிவாக இருக்க வேண்டும்.

மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால், கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டும்போதே சுவரோர விளக்குப் புள்ளிகளைக் குறித்து எலக்ட்ரீஷியனிடம் பைப் போடச் சொல்லுங்கள். ஃபால்ஸ் சீலிங் செலவே வராது.