கம்பஸ் வைஃபைக்குள்ள போனைச் சேர்க்கிறது: கேட்ட கேள்விகளும் என்ர பதில்களும்

பம்பைமடு, முதலாம் வருசம்: அக்கா, வீட்டில பாஸ்வேர்ட் மட்டும்தான் அடிக்கிறனாங்கள். இங்க ஏன் இவ்வளவு பெட்டி நிரப்பக் கேக்குது?

தம்பி, வீட்டில எல்லாருக்கும் ஒரே திறப்பு. கம்பஸில ஆளுக்கொரு திறப்பு. ஒராள் விலகினா அவற்ற கணக்கை மட்டும் மூடலாம், மற்ற ஆக்களுக்கு ஒண்டும் மாறாது. போனில உங்களை எப்பிடி அடையாளம் காணுறது எண்டு கேக்கிற பெட்டிகள்தான் இவை: அனேகமா "ஈஏபி முறை" எண்ட பெட்டிக்கு பீப் (PEAP), "இரண்டாங் கட்டம்" எண்ட பெட்டிக்கு எம்எஸ்-சாப் வி2 (MSCHAPv2) எண்டு தெரிவு செய்யுங்கோ. ஐரி பகுதி தந்த தாளை ஒருக்கால் பாருங்கோ. சேர்ட்டிபிக்கற் (வைஃபை உண்மையா கம்பஸின்ரதான் எண்டு போன் சரிபாக்கிற அத்தாட்சி), டொமைன் (கம்பஸின்ர இணையப் பேர்) ரெண்டையும் அதில உள்ளபடியே போடுங்கோ. ஊகிச்சுப் போடாதேங்கோ.

அறிவியல்நகர்: கூட்டாளியின்ர பழைய போனில சேர்ட்டிபிக்கற் பெட்டிக்கு "சரிபார்க்க வேண்டாம்" எண்டு குடுத்தவுடன வேலை செய்யுது. என்ர போனில அந்தத் தெரிவே இல்லை.

இல்லாதது உங்களுக்கு நல்லது. 2020 டிசம்பர் அப்டேட்டில கூகிள் தன்ர பிக்சல் போன்களின்ர அண்ட்ரொயிட் 11இல அதை எடுத்தது, பிறகு மற்றப் போன்களிலயும் போயிற்றுது. காரணத்தைக் கேளுங்கோ. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில தேங்காய் உடைக்க பஸ் நிக்குது எண்டு வைப்பம். ஆரோ ஒராள் சின்ன ரவுட்டருக்கு உங்கட கம்பஸ் வைஃபையின்ர பேரையே வைச்சிருக்கிறார். பொக்கற்றில கிடக்கிற போன், தெரிஞ்ச பேர் எண்டு தானாப் போய் இணையப் பாக்கும். சேர்ட்டிபிக்கற்றைப் பாக்கிற போன் "நீ எங்கட ஆள் இல்லை" எண்டு விலகும். பாக்காத போன் உங்கட பாஸ்வேர்ட்டை வைச்சுக் கணிச்ச ஒரு மறுமொழியை அனுப்பிவிடும். பாஸ்வேர்ட் நேரடியாப் போகாது, ஆனா அந்த மறுமொழியை வைச்சு அதை உடைக்கலாம். உங்கட மெயிலுக்கும் அதே பாஸ்வேர்ட் எண்டா யோசிச்சுப் பாருங்கோ. கூட்டாளியிட்டயும் சொல்லி மாத்துவியுங்கோ, உண்மையாத்தான் சொல்லுறன்.

அண்ட்ரொயிட் 13இல இருந்து சில போன்களில "முதல்முறை நம்பு" எண்டொரு வழி இருக்கு: முதல் தரம் இணையேக்க வாற சேர்ட்டிபிக்கற்றையே போன் நம்பி வைச்சுக்கொள்ளும். அதை கம்பஸுக்குள்ள நிண்டு மட்டும் செய்யுங்கோ.

முல்லைத்தீவு: ஐபோன் "ட்ரஸ்ட்" கேக்குது. அமத்தட்டோ?

அதில காட்டுற பேரைத் தாளில உள்ள பேரோட ஒப்பிட்டுப் பாத்திட்டு அமத்துங்கோ தங்கச்சி. கொஞ்ச நாளால திரும்பவும் கேட்டா சேர்ட்டிபிக்கற் புதுப்பிச்சும் இருக்கலாம், ஆனா ஐரி பகுதியிட்டக் கேக்காமல் அமத்த வேண்டாம்.

மாங்குளம்: பாஸ்வேர்ட் மாத்தினன், கணக்கு அடிக்கடி பூட்டுப்படுது.

பழசை ஏதோ ஒரு கருவி விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கு. போன், டெப், லெப்டொப் எல்லாத்திலயும் அந்த வைஃபையை "ஃபொகெற்" குடுத்துப் புதுசா இணையுங்கோ.

வவுனியா: எல்லாம் சரியாப் போட்டன், ஆனாலும் இணையேல்லை.

போனில திகதி சரியோ? வருசம் பிழைச்சா நல்ல சேர்ட்டிபிக்கற்றும் காலாவதியானது போலத் தெரியும்.

பம்பைமடு, மூண்டாம் வருசம்: பேராதனைக்கு ஒரு கருத்தரங்குக்குப் போறன். பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான எடுரோம் (eduroam) வைஃபை அங்கயும் வேலை செய்யுமோ?

ஓம். இலங்கையில அதை நடத்துறது லேர்ன் எண்ட கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு. எங்க நிண்டாலும் உங்கட பாஸ்வேர்ட்டைச் சரிபாக்கிறது உங்கட கம்பஸ்தான். அதால பயனர் பேருக்குப் பின்னால அற் (@) குறியும் கம்பஸ் டொமைனும் முழுசா இருக்க வேணும். போக முதல் இங்கயே ஒருக்கால் இணைச்சுப் பாருங்கோ. அங்க போய் டேட்டாவும் இல்லாமல் நிண்டா சேர்ட்டிபிக்கற்றை இறக்கவும் வழியிராது.