பதினான்கு மாத ஆர்ட்டிகிள்ஷிப்பும், பார்க்காத நெல்லுக்குக் கேட்ட கையெழுத்தும்

கேள்வி: கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சி.ஏ. படிப்புக்கான கட்டாயப் பயிற்சியில், ஆர்ட்டிகிள் உதவியாளராகப் பதினான்கு மாதம் முடித்திருக்கிறேன். சேரும்போது டெபாசிட் என்று 25,000 ரூபாய் கேட்டார்கள்; ஆடிட்டரின் உறவினர் கணக்குக்கு அப்பா ஜிபேயில் அனுப்பினார். மாதாமாதம் ஸ்டைபண்ட் (பயிற்சி உதவித்தொகை) என் வங்கிக் கணக்குக்கு வரும். மறுநாளே எடுத்து ரொக்கமாகத் திருப்பித் தந்துவிட வேண்டும். நான் காலடி வைக்காத ஓர் அரிசி ஆலையில் மார்ச் 31 அன்று நெல் இருப்பை நேரில் எண்ணிப் பார்த்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மறுத்தேன். இனி வர வேண்டாம், கையெழுத்துப் போட்டால்தான் வேறு ஆடிட்டரிடம் போவதற்கான மாறுதல் படிவத்துக்கு ஒப்புதல் என்கிறார்கள். “இன்னும் பத்து மாசம்தானே, போட்டுட்டு வந்துடும்மா” என்கிறார் அப்பா. என் பதினான்கு மாதம் வீணாகிவிடுமா? — வாசகி, திருவிடைமருதூர்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் தந்தையாரின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தாளில் இருப்பது பத்து மாதத்தோடு தீர்கிற காரியம் இல்லை.

டெல்டாவில் அரிசி ஆலைகள் பெரும்பாலும் நெல் இருப்பை ஈடாகக் காட்டியே வங்கியில் நடைமுறை மூலதனக் கடன் (அன்றாடத் தொழில் செலவுக்கான கடன்) வாங்குகின்றன. எத்தனை மூட்டை இருக்கிறதோ அதை வைத்துத்தான் எவ்வளவு பணம் எடுக்கலாம் என்று வங்கி கணக்கிடுகிறது. இருப்பு முக்கியமானதாக உள்ள நிறுவனத்தில், அதை எண்ணும் இடத்தில் தணிக்கையாளர் தரப்பு நேரில் இருக்க வேண்டும் என்று தணிக்கைத் தரநிலை 501 சொல்வதற்குக் காரணமும் இதுவே. நாளை அந்தக் கடன் வாராக்கடனாகி, கிடங்கைத் திறந்து பார்த்தால் தாளில் உள்ள மூட்டைகள் அங்கே இல்லை என்றால், விசாரிப்பவர்கள் முதலில் புரட்டுவது தணிக்கைக் கோப்பைத்தான். ‘எண்ணிப் பார்த்தவர்’ என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கும். எழுத்தராகவோ பணியாளராகவோ செயல்படுபவர் ஏமாற்றும் நோக்கத்தோடு பொய்ப் பதிவு செய்தால் ஏழாண்டு வரை சிறை விதிக்க பாரதிய நியாய சன்ஹிதாவின் 344-ஆம் பிரிவில் இடமுண்டு. அந்த நோக்கம் உங்களுக்கு இல்லை என்று வாதாட முடியும். ஆனால் அப்படி வாதாடும் நிலைக்கே நீங்கள் போகக் கூடாது. இடைநிலைத் தேர்வில் ‘தணிக்கையும் நெறிமுறையும்’ தாளை எழுதித் தேறித்தான் இந்தப் பயிற்சிக்கு வந்திருக்கிறீர்கள். அதில் நேர்மையை முதல் கோட்பாடாகப் படித்ததை ஒரு கையெழுத்துக்காக விட்டுக்கொடுக்காமல் நின்றீர்களே, அதை நான் மனதார மதிக்கிறேன்.

இனி, பதினான்கு மாதத்துக்கு வருகிறேன். படிவம் 103 மூலம் உங்கள் பயிற்சி இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தில் பதிவாகியிருக்கிறது. அன்றுமுதல் நீங்கள் உண்மையாக வேலை செய்த காலம் உங்களுடையது; அது ஆடிட்டர் மனமிரங்கித் தருவதில்லை. முதலாண்டு கடந்துவிட்டதால், மாறுதலைக் காரணம் சொல்லிச் சான்றோடு கேட்க வேண்டியிருக்கும். அதற்கு முன் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். ‘வர வேண்டாம்’ என்று வாயால்தான் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கு நீங்களே வராமல் நின்றுவிட்டதாக எழுதினால், அந்த நாட்கள் அதிகப்படி விடுப்பாகிப் பின்னால் ஈடுசெய்ய வேண்டி வரும். 2023 ஜூலை முதல் பயிற்சிக்காலம் இரண்டாண்டுதான் என்றாலும், அது முடிந்து ஆறு மாதம் கழித்தே இறுதித் தேர்வு எழுத முடியும் என்பதால், ஒரு மாதம் தள்ளினாலும் ஒரு தேர்வே தள்ளிப்போகக் கூடும். ஆகவே, இன்ன தேதியில் வர வேண்டாம் என்றீர்கள், நான் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன், பார்க்காத இருப்புக்கு மட்டும் கையெழுத்திட இயலாது என்று ஆடிட்டருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மாறுதல் முடியும்வரை வேறு அலுவலகத்தில் உட்காரவும் வேண்டாம். அது உங்கள்மீதே குற்றமாகத் திரும்பும்.

பணத்தைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக உங்கள் பக்கம் இருக்கிறது. பட்டயக் கணக்காளர் ஒழுங்குமுறைகள், 1988-இன் 47-ஆவது விதிப்படி, ஆர்ட்டிகிள் சேர்ப்பதற்கு டெபாசிட், கடன் என்று எந்தப் பெயரிலும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ‘மறைமுகமாக’ என்ற அந்தச் சொல் இருப்பதால், உறவினர் கணக்குக்குப் போனது என்ற வாதம் எடுபடாது. தடையை மீறிக் கொடுத்த நீங்களும் குற்றவாளிதானே என்பார்கள். அந்தத் தடை பயிற்சிக்கு வருபவரைக் காப்பதற்காகவே ஏற்பட்டது. காக்கப்பட வேண்டியவரும் வாங்கியவரும் சம குற்றவாளிகள் ஆக மாட்டார்கள். கொடுத்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் சிவில் வழக்குப் போட வேண்டும். ஸ்டைபண்டும் அப்படியே: கும்பகோணம் போன்ற ஊருக்கு 48-ஆவது விதியின்படி குறைந்தபட்சம் முதலாண்டு மாதம் 2,000 ரூபாய், இரண்டாமாண்டு 3,000 ரூபாய். வங்கிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். வரவு வைத்த மறுநாளே அதே தொகை ஏடிஎம்மில் எடுப்பாகி, மாதம் தவறாமல் அப்படியே இருக்குமானால், அந்த வரிசையே பாதிச் சாட்சி. பணத்தைத் திருப்பிக் கேட்டு வாட்ஸ்அப் செய்தி வந்திருந்தால் அது மீதியாகும், அழித்துவிடாதீர்கள். ஆனால் ஆலையின் கணக்குத் தாள்களைப் படமெடுத்து வைத்திருந்தால் அதை யாருக்கும் காட்டாதீர்கள். வாடிக்கையாளரின் ரகசியம் காக்கும் கடமை உங்களுக்கும் உண்டு.

ஒன்றை மறைக்காமல் கேட்கிறேன்: நீங்கள் போகாத நாட்களுக்கும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டிருக்கிறீர்களா? இருந்தால், முறையீடு எழுதும் முன் ஒரு வழக்கறிஞரிடம் முழுவதையும் சொல்லுங்கள். பெயருக்கு நடந்த டம்மி ஆர்ட்டிகிள்ஷிப் என்று கழகம் கருதினால் அந்தக் காலமே செல்லாமல் போகலாம்.

அப்படி இல்லையென்றால், மின்னஞ்சல் போய் ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால், மாறுதலுக்கு அனுமதி கேட்டுச் சென்னையில் உள்ள கழகத்தின் தென்னிந்திய மண்டல அலுவலகத்துக்குக் காரணங்களோடு மனு அனுப்புங்கள். ஒழுங்கு நடவடிக்கைப் புகார் வேறு. அதற்குப் படிவம் I-உம் 2,500 ரூபாய்க் கட்டணமும் வேண்டும், ஏழாண்டு அவகாசமும் இருக்கிறது. புதிய அலுவலகத்தில் பதிவு முடிந்த பிறகு அதை நிதானமாகச் செய்யலாம். மனுவுக்குப் பதிலே இல்லாவிட்டால் கழகத்துக்கு உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்கும் ரிட் மனு போட வழியுண்டு. திருவிடைமருதூர் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருப்பதால் அது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தாக்கலாகும். மனு சேர்ந்ததற்கான ஒப்புகை இல்லாமல் அங்கே போக முடியாது, அதனால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.