பொருட்பக்கங்கள் கூகுளில் தென்பட எந்த மெட்டா குறிச்சொற்களைத் திருத்த வேண்டும்?

கேள்வி: சில நூறு பொருட்களை விற்கும் இணையக் கடையை நடத்துகிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் மெட்டா கீவேர்ட்ஸ் பகுதியை நிரப்பியிருக்கிறேன். கடையைப் பற்றிய ஒரே டிஸ்கிரிப்ஷனை எல்லாப் பக்கங்களுக்கும் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் பொருட்கள் தேடலில் வருவதில்லை. இன்னும் எதைச் சேர்க்க வேண்டும்?

பதில்: கீவேர்ட்ஸ் பகுதியில் நீங்கள் எதையும் சேர்க்க வேண்டியதில்லை, அதை அப்படியே விட்டுவிடலாம். தரவரிசைக்கு அதைக் கணக்கில் கொள்வதில்லை என்று கூகுள் 2009-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. உங்கள் சிக்கல் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது: ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் என்ன வேறுபாடு என்பதை உங்கள் குறிச்சொற்கள், அதாவது பக்கத்தின் நிரலில் அதைப் பற்றி எழுதப்படும் குறிப்புகள், சொல்லவில்லை.

எதையும் திருத்துவதற்கு முன், தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்பதைக் காட்டும் கூகுளின் இலவசச் சேவையான சர்ச் கன்சோலில் உள்ள முகவரி ஆய்வுக் கருவியில் ஓரிரு பொருட்பக்கங்களின் முகவரியை இட்டு, அவை கூகுளின் அட்டவணையில் (தேடலுக்காக அது சேமித்துவைக்கும் பக்கங்களின் தொகுப்பில்) சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சேரவே இல்லையெனில், டைட்டிலை (தேடல் முடிவில் தெரியும் பக்கத் தலைப்பை) எவ்வளவு மெருகேற்றினாலும் பயனில்லை. சேர்ந்து, தேடல் முடிவுகளில் பலமுறை காட்டப்பட்டும் யாரும் சொடுக்கவில்லையெனில், குறை டைட்டிலிலும், அதன் கீழ் வரும் சிறு விவரமான டிஸ்கிரிப்ஷனிலும் இருக்க வாய்ப்பு அதிகம்.

டைட்டில்தான் இவற்றுள் முதன்மையானது. 'சிறந்த பொருட்கள், குறைந்த விலை' என்று தொடங்கும் டைட்டில் எந்தப் பக்கத்துக்கும் பொருந்தும் என்பதாலேயே எந்தப் பக்கத்துக்கும் உதவாது. 'வெப்பம் காக்கும் ஸ்டீல் தண்ணீர் பாட்டில், 1 லிட்டர், கறுப்பு' என்று எழுதி, கடையின் பெயரை இறுதியில் வையுங்கள். டைட்டிலுக்கு இத்தனை எழுத்து என்ற கட்டாய வரம்பு இல்லை. ஆனால் திரையின் அகலத்துக்கு ஏற்ப அதன் வால் வெட்டப்படும் என்பதால், பொருளை அடையாளம் காட்டும் சொற்கள் முன்னால் வர வேண்டும். பக்கத்தின் உள்ளே தெரியும் பெரிய தலைப்பும் இதனோடு ஒத்திருக்கட்டும். ஒரே வாசகம் எங்கும் திரும்பத் திரும்ப வந்தால், கூகுள் தானாகவே வேறொரு தலைப்பை உருவாக்கிக் காட்டக்கூடும்.

டிஸ்கிரிப்ஷன் தரவரிசையை உயர்த்தாது. தேடுபவரைச் சொடுக்கத் தூண்டுவதே அதன் வேலை. அதையும் பல நேரங்களில் ஒதுக்கிவிட்டுப் பக்கத்திலிருந்தே ஒரு பகுதியைக் கூகுள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே நூற்றுக்கணக்கான விவரங்களைக் கையால் எழுதி அலுத்துப்போக வேண்டாம். அதிகம் காட்டப்படும் பக்கங்களுக்கு மட்டும் நீங்களே எழுதுங்கள். மற்றவற்றுக்கு அளவு, மூலப்பொருள், பயன்பாடு ஆகியவற்றைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து நிரப்பும் வார்ப்புரு போதும்.

கடைக்காரர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது கனோனிக்கல் குறிச்சொல்லை. நிறம், விலை வரிசை, வடிகட்டி என ஒவ்வொன்றும் ஒரு புதிய முகவரியை உருவாக்கும்போது, ஒரே பொருள் பல பக்கங்களாகச் சிதறுகிறது. அவற்றுள் மூலப் பக்கம் எது என்பதை இக்குறிச்சொல் கூகுளுக்குச் சுட்டும். இது கட்டளை அன்று, பரிந்துரைதான். சில வடிவமைப்புகளில் எல்லாப் பொருட்பக்கங்களின் கனோனிக்கலும் முகப்புப் பக்கத்தையே சுட்டிக்கொண்டிருக்கும். உங்கள் கடையிலும் அப்படித்தானா என்று பக்கத்தின் மூல நிரலைத் திறந்து இன்றே பாருங்கள். பொருட்கள் தென்படாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அங்கேயே, பக்கத்தை அட்டவணையில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் 'நோஇண்டெக்ஸ்' (noindex) என்ற சொல் தவறுதலாக இடம்பெற்றிருக்கிறதா என்றும் தேடிவிடுங்கள்.

விலை, இருப்பு, மதிப்பீடு ஆகியவை தேடல் முடிவிலேயே தெரிய வேண்டுமானால், ஸ்கீமா (தேடுபொறிகள் புரிந்துகொள்ளும்படி விவரங்களைப் பெயரிட்டு எழுதும் பொது முறை) முறையிலான பொருள் தரவை, அதற்கான நிரல் வடிவமான ஜேசன்-எல்டியில் (JSON-LD) சேர்க்கலாம். பக்கத்தில் வாங்குபவருக்குத் தெரியும் விலையும் அதில் உள்ள விலையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாத மதிப்பீடுகளை எழுதிவைத்தால் கூகுள் நடவடிக்கை எடுத்து அச்சிறப்புக் காட்சியையே நீக்கிவிடலாம்.

திருத்தங்கள் தேடலில் தெரியச் சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒரு பிரிவை மட்டும் மாற்றி, தேதியைக் குறித்துவைத்து, அப்பக்கங்களின் சொடுக்கு விகிதத்தை முன்பின் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அடுத்த பிரிவுக்குச் செல்லுங்கள்.