முயல் இருக்கட்டும், அந்த ஈரத் துண்டுகளைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: பத்து வயது மகளின் பிடிவாதத்தால் இரண்டு முயல் குட்டிகள் வாங்கினோம். இரண்டும் பெண் என்றார் கடைக்காரர். ட்ரேயில் காகிதம் போட்டுப் பழக்கினோம், ஒழுங்காக அதிலேயே போயின. இப்போது நாலரை மாதம் ஆகிறது. மூன்று வாரமாக சோபா, மெத்தை, பூஜை அறை வாசல் என்று எங்கே பார்த்தாலும் சிறுநீரும் புழுக்கையும். ஒன்று இன்னொன்றைச் சுற்றிச் சுற்றித் துரத்துகிறது. ‘இன்னொரு தடவை ட்ரேக்கு வெளியே சிறுநீர் போனால் கடையிலேயே கொடுத்துவிடுவேன்’ என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அப்படியும் நாற்றம் போகவில்லை. தேடினால் அவள் கட்டிலுக்கு அடியில் ஈரத் துண்டுகள் சுருட்டிக் கிடக்கின்றன. கருத்தடை ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்கிறார்கள், அவ்வளவு சின்ன உயிருக்கு அது தேவையா? தோட்டத்தில் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நாலு மாதம் சமர்த்தாக இருந்த முயல் திடீரென்று வீட்டை நாசம் செய்கிறது என்று எழுதுகிறவர்கள் நிறைய. அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால், நாற்றத்தைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்களே, அதற்கு வருகிறேன்.

ஈரத் துண்டுகள் கட்டிலுக்கு அடியில் எப்படி வந்தன என்று யோசித்தீர்களா? நீங்கள் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் மகள் ஓடிப் போய்த் துடைத்திருக்கிறாள். துவைக்கப் போட்டால் நீங்கள் கேட்பீர்கள். அதனால் ஒளித்து வைத்திருக்கிறாள். இரண்டு உயிர்களை உங்களிடமிருந்து காப்பாற்றப் பத்து வயதுப் பிள்ளை அவளுக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்திருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியதாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. சோபாவைப் பற்றி இருக்கிறது, பூஜை அறையைப் பற்றி இருக்கிறது.

அவள் ஆசைப்பட்டாள், சரி. காசு எடுத்துக் கொடுத்தது யார்? ஓர் உயிர் வீட்டுக்குள் வந்துவிட்டால் அதற்குப் பொறுப்பு பெரியவர்கள்தான். தண்ணீர் மாற்றுவது, புல் போடுவது, ட்ரேயைத் தட்டுவது இதெல்லாம் பிள்ளை செய்யட்டும், செய்யவும் வேண்டும். முயலின் உடம்புக்குள் நடப்பதற்கு அவளைப் பொறுப்பாக்கி, தப்பு நடந்தால் முயலை அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுவது கண்டிப்பு ஆகாது. இந்த வீட்டில் தொந்தரவு கொடுத்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதைத்தான் அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். நாளைக்குப் பள்ளியில் ஒரு சிக்கல் வந்தால் அதையும் உங்களிடமிருந்து ஒளித்துத்தான் வைப்பாள். இன்றைக்கே அவளிடம், ‘முயல்களை எங்கும் கொடுக்க மாட்டோம். எங்கே ஈரம் இருந்தாலும் என்னைக் கூப்பிடு, நான் துடைக்கிறேன்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.

இனி முயலுக்கு வருகிறேன். பழக்கியது மறந்துபோகவில்லை. சின்ன வகை முயல்கள் மூன்றரை, நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். ஹார்மோன் ஏறியதும் ‘இது என் இடம்’ என்று வாசனையால் எல்லை போடும். மெத்தையிலும் சோபாவிலும் உங்கள் எல்லோருடைய வாசனையும் ஊறியிருப்பதால் அங்கேதான் முதலில் போகும். அடிப்பதும் மூக்கைக் கொண்டுபோய்த் தேய்ப்பதும் பயத்தைத்தான் கூட்டும்.

‘இரண்டும் பெண்’ என்ற கடைக்காரர் பேச்சை எப்படி நம்பினீர்கள்? குட்டியில் ஆண் பெண் பார்ப்பது பழகியவர்களுக்கே தவறும். வட்டமடிப்பது பெண்ணும் செய்யும், ஆனால் ஒன்று ஆணாக இருந்தால் இந்நேரம் சினை பிடித்திருக்கலாம். முயலுக்கு ஒரு மாதம்தான் சினைக்காலம். குட்டி போட்ட அன்றே மறுபடி சினையாகவும் முடியும். டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை இரண்டையும் தனித்தனியாக, நடுவில் கம்பித் தடுப்பு போட்டு வையுங்கள்.

ஆபரேஷன் தேவைதான். ஆணுக்கு விரை இறங்கியதும், சுமார் நாலு மாதத்தில் செய்யலாம். பெண்ணுக்குப் பொதுவாக ஐந்து, ஆறு மாதத்தில் செய்கிறார்கள். பெண்ணுக்கு ட்ரே பிரச்சினையை விடப் பெரிய காரணம் இருக்கிறது. கருத்தடை செய்யாத பெண் முயலுக்கு மூன்று, நான்கு வயதைத் தாண்டினால் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகம். முயலுக்கு மயக்க மருந்து கொடுப்பது நாய், பூனை போல எளிதல்ல. அதனால் ‘முயலுக்குச் செய்த பழக்கம் உண்டா?’ என்று நேராகவே கேளுங்கள். நாமக்கல், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் திருச்சியிலிருந்து ஒரே நாளில் போய்வரும் தூரம்தான், அங்கும் விசாரியுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, குடலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் முதல் நாள் பட்டினி போடச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் விடாதீர்கள்.

அதுவரைக்கும் வீட்டைச் சுருக்குங்கள். படுக்கையறைக் கதவு மூடியிருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் தடுப்புக்குள் ஒரு பெரிய ட்ரே வையுங்கள், தள்ளிப் போய் ஈரமாக்கும் மூலையில் இன்னொன்று. காய்ந்த புல்லை ட்ரேயின் ஒரு முனையிலேயே போடுங்கள், முயல் தின்றுகொண்டே புழுக்கை போடும் பிராணி. கீழே செய்தித்தாள் போதும். கட்டியாகும் பூனை மணல் வேண்டாம், தின்றால் குடல் அடைக்கும். ட்ரேயை மாற்றும்போது பழைய காகிதத்தில் ஒரு துண்டும் சில புழுக்கைகளும் விட்டுவையுங்கள். வெளியே ஆனதை வெள்ளை வினிகரில் தண்ணீர் கலந்து துடையுங்கள், வாசனை நின்றால் திரும்ப அங்கேதான் வரும். சிறுநீர் சில நாள் ஆரஞ்சாக, செம்மையாகத் தெரியும். பெரும்பாலும் அது உணவின் நிறம்தான். முக்கி முக்கிப் போனாலோ, ரத்தத் துளி தெரிந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

தோட்டம் என்ற பேச்சை உங்கள் கணவர் இன்றோடு விடட்டும். கூண்டில் வளர்ந்த முயலுக்கு ஓடி ஒளியத் தெரியாது, ஒரு ராத்திரியில் நாய்க்கோ கீரிக்கோ இரையாகும். வளர்த்த பிராணியைப் பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே மெத்தை காயும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஹார்மோன் வடிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஆண் இருந்தால் அந்த ஆறு வாரமும் பெண்ணோடு சேர்க்கக் கூடாது, கருத்தரிக்க வைக்கும் சக்தி அப்போதும் மிச்சமிருக்கும். டாக்டரிடம் போகிற அன்று மகளுக்குப் பள்ளி விடுமுறையாகப் பார்த்து அவளையும் கூட்டிப் போங்கள். எது ஆண், எது பெண் என்று அவளே டாக்டரிடம் கேட்கட்டும்.