செகண்ட் லைஃபில் சண்டை: துப்பாக்கி, கவசம், நிலம் – கேள்வி பதில்

செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் துப்பாக்கி செய்து விற்பதும், சண்டைக்கென்றே விட்டிருக்கும் ஒரு நிலத்தைப் பார்த்துக்கொள்வதும் எனக்குப் பல வருடப் பழக்கம். சண்டை சம்பந்தமாக வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

புதுவரவு: அண்ணா, செகண்ட் லைஃபின் இணையக் கடையான மார்க்கெட்பிளேஸில் ஒரு ரைஃபிள் வாங்கினேன். சத்தம் வருகிறது, நெருப்புப் பொறி பறக்கிறது, எதிரில் நிற்பவருக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

துப்பாக்கியைத் திட்டுவதற்கு முன்னால் நிற்கிற நிலத்தைப் பாருங்கள் தம்பி. செகண்ட் லைஃபில் பெரும்பாலான நிலம் ‘சேஃப்’. அங்கே பீரங்கியே கொண்டுவந்தாலும் யாருக்கும் காயம் படாது. டேமேஜை, அதாவது காயம் படுவதை, அனுமதித்த நிலத்துக்குள் நுழைந்தால், மேலே முகவரிப் பட்டையில் ஒரு இதயமும் பக்கத்தில் சதவீதமும் தெரியும். அதுதான் உங்கள் உயிர். அது தெரியவில்லை என்றால் சண்டை இல்லை.

அதே பட்டையில் இன்னும் சில சின்னங்கள் வரும். பொருள் உருவாக்கத் தடை என்றால் குண்டு வெளியே வராது, ஏனென்றால் இங்கே குண்டும் ஒரு பொருள்தான். ஸ்கிரிப்ட் (பொருளை இயக்கும் நிரல்) தடை என்றால் துப்பாக்கி ஊமையாகிவிடலாம். தள்ளத் தடை என்றால் தள்ளிவிடும் ஆயுதங்கள் செல்லாது. அபவுட் லேண்ட் ஜன்னலைத் திறந்து ஆப்ஷன்ஸ் பக்கம் போனால் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். வாங்கிய ஆயுதத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேப் அதற்கென்றே வைத்திருக்கும் ஆயுதச் சோதனை சாண்ட்பாக்ஸுக்குப் போங்கள். அங்கே யாரும் யாரையும் கேட்காமல் சுடுவார்கள், கோபித்துக்கொள்ளக் கூடாது.

விலைபேசி: விலை அதிகமான துப்பாக்கி அதிகமாக அடிக்குமா?

அடிக்காது. ஏன் என்று தெரிய, ஒரு முறை சுடும்போது என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

எம் விசையை அழுத்தி மவுஸ்லுக்குக்குப் போகிறீர்கள், அதாவது அவதாரின் (அந்த உலகில் உங்கள் உருவத்தின்) கண் வழியாகப் பார்க்கிறீர்கள். இடது பொத்தானை அழுத்துகிறீர்கள். துப்பாக்கியில் இருக்கும் ஸ்கிரிப்ட், உங்களுக்குச் சற்று முன்னால் ஒரு சின்னப் பொருளை உருவாக்கி, நீங்கள் பார்க்கும் திசையில் வேகம் கொடுத்து விடுகிறது. அந்தப் பொருளுக்குள் ஒரு எண் இருக்கும்: பூஜ்யத்திலிருந்து 100 வரை. அது ஒரு அவதார் மேல் மோதினால் அத்தனை சதவீதம் உயிர் குறையும், குண்டு மறைந்துபோகும். பூஜ்யத்தைத் தொட்டவர் தான் வீடாகக் குறித்துவைத்த ‘ஹோம்’ இடத்துக்குத் தூக்கியடிக்கப்படுவார். செகண்ட் லைஃபில் சாவு என்றால் வழக்கமாக இவ்வளவுதான்.

அந்த எண்ணை 100 என்று வைக்க ஒரே ஒரு வரி போதும். இலவசமாகக் கிடைக்கும் துப்பாக்கியிலும் அந்த வரி இருக்கலாம். ஆக, காசு கொடுத்து வாங்குவது அடியின் பலத்தை இல்லை. நல்ல அனிமேஷன், நல்ல சத்தம், அழுத்தியவுடன் சுடுகிற சுத்தமான ஸ்கிரிப்ட், அப்புறம் பழுது வந்தால் புது பதிப்பு அனுப்புகிற ஆள், இதற்குத்தான் விலை. வாங்குமுன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: குறி தவறிய குண்டு தானாக அழிகிறதா? அழியாத குண்டுகள் நிலமெங்கும் கிடந்து பொருள் கணக்கை நிரப்பும். நிலக்காரர் உங்களைத்தான் முதலில் வெளியேற்றுவார்.

இரும்புச்சட்டை: முழுக் கவசம், கையில் பெரிய கேடயம், எல்லாம் மாட்டிக்கொண்டுதான் போகிறேன். இருந்தும் முதல் குண்டிலேயே வீட்டுக்குப் போய்விடுகிறேன். ஏன்?

அவதாரில் மாட்டிய எந்தப் பொருளுக்கும் மோதல் கிடையாது. குண்டு அதற்குள் புகுந்து போய்விடும். நீங்கள் போட்டிருக்கும் கவசம் கண்ணுக்கு இரும்பு, சர்வருக்குக் காற்று. கேடயமும் அப்படித்தான்.

பழைய ஆட்கள் இதற்கு ஒரு வழி செய்தார்கள். கேடயப் பொத்தானை அழுத்தினால், கையிலிருப்பது ஒரு நிஜச் சுவரை உங்கள் முன்னால் தரையில் உருவாக்கும். அது மாட்டிய பொருள் இல்லை, தனியாக நிற்கும் பொருள், அதனால் குண்டை நிறுத்தும். நகர்ந்தால் பின்னால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். என்னைக் கேட்டால், நிலத்தில் ஏற்கெனவே இருக்கும் சுவர்தான் நல்ல கேடயம். காசும் இல்லை, லேக்கும் (சர்வர் திணறலும்) இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சர்வர் உங்கள் அழகான மெஷ் உடம்பைப் பார்ப்பதே இல்லை. ஷேப்பின் (அவதாரின் அடிப்படை உடலமைப்பின்) உயரத்தை வைத்து நிமிர்ந்து நிற்கும் ஒரு எளிய உருவத்தை எடுத்துக்கொள்கிறது, குண்டு படுகிறதா என்பது அதோடுதான் கணக்கு. முழங்கால் உயர முயல் அவதாரை அடிக்க முடியவில்லை என்று புலம்புகிறவர்கள் முயலைக் குறிவைக்கிறார்கள். அதன் தலைக்கு மேலே, வெறும் காற்றில், ஒரு மனிதன் நின்றால் நெஞ்சு இருக்கும் இடத்தில் சுட்டுப் பாருங்கள்.

பழைய வீரன்: சில வருடங்களாக ஒதுங்கியிருந்தேன். ‘காம்பாட் 2’ என்று ஏதோ வந்திருக்கிறதாமே?

வந்திருக்கிறது, 2024-இல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்னதில் பாதி இதனால் மாறுகிறது.

முன்பு அடிபட்ட அவதாருக்கு அடிபட்ட விவரமே தெரியாது. யார் சுட்டார், எவ்வளவு போனது, ஸ்கிரிப்டுக்குச் சரியாகக் கிடைக்காது. இப்போது அடி விழுவதற்கு முன்பே, மாட்டியிருக்கும் பொருளின் ஸ்கிரிப்டுக்குத் தகவல் வருகிறது. நிலம் அனுமதித்தால் அந்த அடியைக் குறைக்கவும் முடிகிறது. ஆக, இரும்புச்சட்டை நண்பர் கேட்ட கவசம் முதல் தடவையாக உண்மையிலேயே கவசமாக வேலை செய்யலாம். அடிக்கு வகையும் உண்டு: நெருப்பு, குளிர், விஷம், மின்சாரம், வெட்டு என்று. மனவேதனை என்றே ஒரு வகை வைத்திருக்கிறார்கள், யார் யோசனையோ! நெருப்பைத் தாங்கும் சட்டை, வெட்டைத் தாங்காத சட்டை என்றெல்லாம் செய்யலாம்.

குண்டே இல்லாமல் நேரடியாக அடி கொடுக்கவும் வழி வந்துவிட்டது. பழைய ரேகாஸ்ட் துப்பாக்கி நினைவிருக்கும். ஒரு கற்பனைக் கோடு போட்டு, யார் மேல் படுகிறது என்று கண்டுபிடித்து, பிறகு குண்டை உருவாக்கி அந்த ஆள் மேல் கொண்டுபோய் வைக்கும். பொருளைத் தன்னிடமிருந்து 10 மீட்டருக்குள்தான் உருவாக்க முடியும் என்பதால் இந்தச் சுற்று வழி. இனி அது தேவையில்லை.

நிலக்காரருக்கும் கடிவாளம் கிடைத்திருக்கிறது. ஒரு அடியின் உச்சவரம்பு, உயிர் திரும்ப ஏறும் வேகம், செத்தவருக்கு என்ன ஆகும், எல்லாவற்றையும் ரீஜன் (ஒரு முழு நிலப்பகுதி) அளவில் அவரே வைக்கலாம். எண்ணை 100 என்று வைத்துவிட்டு வரும் துப்பாக்கிக்காரரின் கொட்டம் இங்கேதான் அடங்குகிறது. துப்பாக்கி செய்கிறவன் நானே சொல்கிறேன்: சண்டை எப்படி நடக்கும் என்று நிர்ணயிப்பது எப்போதும் நிலம்தான், ஆயுதம் இல்லை. புது முறை அதை வெளிப்படையாக்கியிருக்கிறது.

வாள்வீச்சு: நான் போகும் ரோல்பிளே (வேடமேற்று ஆடும்) இடத்தில் ஒரு மீட்டர் மாட்டச் சொல்கிறார்கள். இதயம் இருக்கும்போது அது எதற்கு?

அது வேறு கணக்கு. மீட்டர் என்பது தனியார் எழுதிய ஹட், அதாவது திரையில் ஒட்டிக்கொள்ளும் பலகை. உயிர், சக்தி, மந்திரம் எல்லாவற்றையும் அதுவே வைத்துக்கொள்ளும். வாளை வீசினால் முன்னால் ஒரு வளைவுக்குள் யார் நிற்கிறார்கள் என்று ஸ்கிரிப்ட் தேடும், கிடைத்தவரின் மீட்டருக்கு ஒரு சானலில் செய்தி அனுப்பும். அங்கே எண் குறையும். இதயம் காட்டும் லிண்டன் டேமேஜுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, சேஃப் நிலத்திலும் ஓடும். இரண்டு பேரும் ஒரே மீட்டரை மாட்டியிருந்தால்தான் சண்டை. மாட்டாதவர் நடுவில் புகுந்து நடந்தாலும் வாள் அவரைத் தொடாது.

நடனப்பிரியை: சண்டைக்கே போகாத ஆள் நான். கிளப்பில் நிற்கும்போது யாரோ என்னை வானத்துக்குத் தூக்கி எறிகிறார்கள், பெட்டிக்குள் அடைக்கிறார்கள். ஏதாவது ஷீல்டு வாங்கட்டுமா?

வாங்காதீர்கள் அக்கா. ஒரு நாற்காலியில் உட்காருங்கள், அவ்வளவுதான். அசையாத பொருளில் உட்கார்ந்திருக்கும் அவதாரைத் தள்ளும் ஸ்கிரிப்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஷீல்டு என்று விற்பதில் பலவும் செய்வது, உங்களைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு நாற்காலியில் உட்கார வைப்பதுதான். பெட்டிக்குள் அடைத்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஹெச் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், நேராக வீடு. அந்தப் பெட்டி உங்களோடு வராது. கண்ணை மறைக்கும் பொறிகளைக் கொட்டினால், அனுப்பியவரை பிளாக் செய்யுங்கள்.

அப்புறம், ஹெல்ப் மெனுவில் ரிப்போர்ட் அப்யூஸ் இருக்கிறது. சேஃப் நிலத்தில் ஒருவரைச் சுடுவதும் தள்ளுவதும் லிண்டன் லேபின் நடத்தை விதிப்படியே குற்றம். பதிலுக்கு நீங்களும் ஒரு தள்ளு தள்ளினால் புகார் உங்கள் மேலும் வரும். கிளப் உரிமையாளரிடம் ‘தள்ளத் தடை’ போடச் சொல்லுங்கள். ஒரு டிக், அவ்வளவுதான் வேலை.

மதுரைக்காரன்: எவ்வளவு சரியாகக் குறி வைத்தாலும் படமாட்டேன் என்கிறது. எதிராளி ஏமாற்றுகிறாரா?

தூரம் ஏமாற்றுகிறது. சர்வர்கள் 2020 கடைசியில் அமேசான் கிளவுடுக்குப் போனாலும் இருப்பது அமெரிக்காவில்தான். மதுரைக்கும் அதற்கும் போய்வர ஏறக்குறைய கால் வினாடி ஆகிறது. நீங்கள் பார்ப்பது எதிராளி நின்ற இடம், நிற்கிற இடம் இல்லை. ஓடுகிறவருக்கு முன்னால் சுடப் பழகுங்கள். குறுக்கே ஓடுகிறவரை விட்டுவிட்டு நேரே வருகிறவரைத் தேர்ந்தெடுங்கள்.

ரீஜனும் திணறலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், 1 அழுத்தினால் புள்ளிவிவரப் பட்டை வரும். சர்வரின் ஃபிசிக்ஸ் நொடிக்கு 45 தடவை ஓட வேண்டும், அது விழுந்துகொண்டே இருந்தால் எல்லோருக்கும்தான் கஷ்டம். உங்கள் பக்கம் நிழலை அணையுங்கள், டிரா டிஸ்டன்ஸை (எவ்வளவு தூரம் வரை திரையில் காட்ட வேண்டும் என்பதை) குறையுங்கள். தேவையில்லாத ஸ்கிரிப்ட் நகைகளைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

வெடிகுண்டு: சிம்மையே (ரீஜனையே) சாய்க்கும் ஆயுதம் எங்கே கிடைக்கும்?

என்னிடம் கிடைக்காது. 2006 நவம்பரில் தானே தன்னைப் பெருக்கிக்கொள்ளும் தங்க வளையங்களை யாரோ விட்டார்கள். உலகம் முழுக்கப் பரவி, சுத்தம் செய்து முடிக்கும் வரை லிண்டன் லேப் நுழைவையே நிறுத்திவைத்தது. அப்படிப் பெருகும் பொருளை மட்டுப்படுத்தும் ‘கிரே கூ’ வேலி இப்போது இருக்கிறது. நல்ல துப்பாக்கி கூட மிக வேகமாகச் சுட்டால் அதில் சிக்கிக் கொஞ்ச நேரம் நின்றுவிடும். தானியங்கித் துப்பாக்கி திடீரென்று மௌனமானால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மறுபிறவி: செத்ததும் எங்கேயோ இருக்கும் என் வீட்டுக்குப் போய்விடுகிறேன். திரும்பி வருவதற்குள் சண்டையே முடிந்துவிடுகிறது.

ஹோமை மாற்றுங்கள். சண்டைக் குழுக்கள் தங்கள் தளத்தின் நிலத்தைக் குழுவின் பேரில் வைத்திருப்பதே இதற்காகத்தான். குழுவில் சேர்ந்து, அங்கே ஹோம் வைக்கும் உரிமை உங்கள் ரோலுக்கு (குழுவில் உங்கள் பொறுப்புக்கு) இருக்கிறதா என்று அதிகாரியிடம் கேளுங்கள். அப்புறம் தளத்தில் நின்றுகொண்டு, வேர்ல்ட் மெனுவில் ஹோமை இங்கே வை என்று கொடுங்கள். செத்தவுடன் தளத்திலேயே எழுவீர்கள். கண்ட இடத்தில் இது நடக்காது, பொதுவாகச் சொந்த நிலம் அல்லது அனுமதி உள்ள குழு நிலம் வேண்டும். காம்பாட் 2 அமைப்புகளைப் பயன்படுத்தும் ரீஜனாக இருந்தால், செத்தவரை ஹோமுக்கு அனுப்பாமல் அங்கேயே இறங்கும் இடத்துக்கு அனுப்பும்படி நிலக்காரர் வைத்திருக்கலாம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள்.